கறுப்புச் சாய்சதுரம்

சிவரஞ்சனி வாய்மொழித் தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். இந்த வைவாவில் தேறாவிட்டால், சென்னைக் கம்பெனி கொடுத்த வேலை ஆர்டர் வெறும் காகிதம்.

எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில், வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த சார்லஸ். இன்னொன்றில் துறைத்தலைவர் முனைவர் வெற்றிச்செல்வன். அவருடைய பெயர்ப்பலகையில் பட்டங்களுக்கு இடம் போதாமல், கடைசிப் பட்டம் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது.

சார்லஸ் அவள் வரைந்த கிளாஸ் டயகிராமை விரித்தார். கட்டுமாவடி மீன்பிடிப் படகுகளைப் பதிவுசெய்யும் மென்பொருளுக்கான வரைபடம். ‘படகு’ ஒரு கட்டம், ‘தொழிலாளி’ ஒரு கட்டம், நடுவே ஒரு கோடு. கோட்டின் படகு முனையில் கறுப்பாக நிரப்பிய சாய்சதுரம்.

“இந்தக் கறுப்புக்கு என்னம்மா அர்த்தம்?”

அர்த்தம் தெரியும். அதுதான் பயமே. அவள் முதலில் அதைச் சரியாக, வெள்ளையாகத்தான் விட்டிருந்தாள். “வெறிச்சுன்னு இருக்கு, எடுப்பா இல்ல, நெரப்பு” என்று சொன்னவர் முனைவர். இன்டர்னல் மார்க் அவர் கையில். வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் அவரவர் படத்தில் நிரப்பிவிட்டார்கள்.

“படகு அழிஞ்சா தொழிலாளியும் சேந்து அழிஞ்சிருவாங்கன்னு அர்த்தம் சார்.”

“அப்ப ஒரு படகு மூழ்குனா ஒன் சாஃப்ட்வேர் ஆளையும் அழிச்சிருமா?”

“எங்கப்பா படகு போன ஐப்பசியில கவுந்துருச்சு சார். அப்பா நீந்தி வந்துட்டாங்க. இன்னைக்கும் வேற படகுல போயிருக்காங்க.” “படம் தப்பு சார்.”

“தெரிஞ்சே ஏன் போட்ட?”

முனைவர் பேனாவை மூடினார்.

“சார் சொன்னாங்க.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

முனைவர் செருமினார். “நான் வேணும்னே வைக்கச் சொன்ன தப்பு சார். யாரு கண்டுபுடிக்கிறாங்கன்னு பாக்கத்தான். ஒரு கற்பித்தல் ஆய்வு.”

“எத்தனை பேருக்கு வச்சீங்க?”

“எல்லாருக்கும்.”

“பெரிய ஆய்வுதான்” என்றபடி சார்லஸ் மார்க் போட்டார். முனைவரும் போட்டார், தாராளமாக. கண்டுபிடித்தவளுக்குக் குறைத்தால் ஆய்வு என்னாவது?

வெளியே அடுத்த ஆள் கோபிநாத், முகம் வெளுத்து நின்றான். “என்ன கேட்டாங்க?”

அவனைக் கதவிலிருந்து தள்ளி நிறுத்தினாள். “கறுப்பு தப்புன்னு நீயே முந்திச் சொல்லிரு. சார் நமக்கு வச்ச டெஸ்ட்டாம்.”

“எப்பருந்து?”

“இப்பத்தான், அஞ்சு நிமிசமா.”