கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும்

லிஃப்ட் ஓடாமல் கிடந்தவரைக்கும் அந்தக் கட்டடத்தில் ஒற்றுமை ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கப் படியில் நிற்கிறவர்கள் நாலு வார்த்தை பேசித்தானே ஆகவேண்டும்? இரண்டாவது மாடி வக்கீலும் மூன்றாவது மாடி தபால்காரரும் உயிர்ச் சிநேகிதர்களானது அப்படித்தான். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில் முடியும்: "லிஃப்ட் மட்டும் ஓடட்டும், நமக்கு வேற என்ன குறை?"

ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானவள் ஐந்தாவது மாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்வாள். முழங்கால் வலியால் ஒரு வருஷமாகத் தரையைப் பார்க்காத அம்மாவுக்காகத்தான் இந்தப் பதவி. வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாரையும் சம்மதிக்க வைத்து, ஒரு மெக்கானிக்கைப் பிடித்துவந்தாள்.

அவர் அதிகம் பேசாத மனிதர். லிஃப்டின் மோட்டார் அறை மொட்டைமாடியில் இருந்ததால், ஐந்தாவது மாடி வீட்டில்தான் தண்ணீர் கேட்பார். தண்ணீர் இரண்டாம் நாளே டீ ஆயிற்று. "தம்பி, சர்க்கரை போதுமா?" என்று அம்மா விசாரிப்பாள். வேலை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க மகள் மேலே போவாள். மேற்பார்வைக்குத் தலை வாரிக்கொண்டு போகவேண்டும் என்று சங்க விதியில் எங்கும் இல்லை. இருந்தாலும் வாரிக்கொண்டுதான் போனாள்.

ஒருநாள் லிஃப்ட் ஓடியது. கட்டடமே கைதட்டியது. மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் வரவேண்டிய வேலையே இருக்காது மேடம்" என்றார், பெருமையாக.

தட்டிக்கொண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது.

ஆனால் கடவுள் கைவிடவில்லை; பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு படைப்பு இருக்கிறதே! முன்பு ஐந்து மாடியைச் சிரித்துப் பேசியபடி ஏறியவர்கள், இப்போது ஊர்ந்து போகிற லிஃப்டுக்குள் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டியிருக்கிறதே என்று கொதித்தார்கள். அவள் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "உள்ளே ஒரு கண்ணாடி மாட்டலாம் மேடம். மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தா நேரம் போறது தெரியாது."

கண்ணாடி மாபெரும் வெற்றி. முகம் பார்ப்பதற்கென்றே முதல் மாடிக்காரர்கள்கூட ஏறத் தொடங்கினார்கள். உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். மறுபடி போன். அளவுக்கு மேல் ஆள் ஏறினால் அலறுகிற மணி ஒன்றை அவர் வைத்தார். அதுவும் வெற்றி. மணி அலறும், லிஃப்ட் நகராது, யார் இறங்குவது என்று மல்யுத்தம் நடக்கும். வக்கீலும் தபால்காரரும் பேச்சை நிறுத்தியது இந்த மணியால்தான்.

கடைசியில் செயலாளர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டாள்: 'மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். யாராக இருந்தாலும்.'

சண்டை ஓய்ந்தது. புகாரே இல்லை. போன் செய்யக் காரணமும் இல்லை.

இதற்கிடையில் அம்மாவுக்குக் கால் வந்துவிட்டதே! காலையில் இறங்கினால் கட்டடம் முழுக்க நலம் விசாரித்துவிட்டுத்தான் ஏறுவாள். ஒருநாள் ஏறும்போது மாப்பிள்ளையோடு ஏறினாள். அதாவது, மாப்பிள்ளை பற்றிய சேதியோடு.

"வக்கீலோட அக்கா பையன்டி. ஞாயித்துக்கிழமை பேச வர்றாங்க."

"உனக்கு லிஃப்டை ஓடவச்சுக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அன்றே அவள் மெக்கானிக்கை அழைத்தாள். "மணிச் சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

"ஞாயித்துக்கிழமையேவா?"

"ஞாயித்துக்கிழமைதான் சத்தம் ஜாஸ்தி."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கீழ்த்தளத்தில் கருவிப் பெட்டியைத் திறக்கும்போதே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வரவேற்க அம்மாவும் மகளும் நின்றார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லாரையும் மரியாதையாக ஏற்றிவிட்டு, கண்ணாடியில் கிராப்பைச் சரிபார்த்தபடி கடைசியாக மாப்பிள்ளை ஏறினான்.

மணி அலறியது.

"யாராச்சும் ஒருத்தர் இறங்குங்க" என்றார் வக்கீல்.

"நான் பையனோட அப்பா."

"நான் பெரியப்பா. நான் இல்லாம பேசிடுவீங்களா?"

"கடைசியா ஏறினவர் இறங்கணும்" என்றாள் செயலாளர், பலகையைக் காட்டி.

"ஏம்மா, அவன் மாப்பிள்ளைம்மா!" என்றார் வக்கீல்.

"யாரா இருந்தாலும்னு போட்டிருக்கு சார். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நானா? படியிலயா?" என்றான் மாப்பிள்ளை. "அஞ்சு மாடியா?"

மணி நிற்கவில்லை, அவனும் இறங்கவில்லை. முடிவில் பெரியப்பா முகம் சிவக்க வெளியே வந்தார். எல்லாரும் பின்னாலேயே வந்து, வாசல் பக்கம் நடையைக் கட்டினார்கள். சமாதானம் செய்ய வக்கீல் பின்னால் ஓடினார். லிஃப்ட் காலியான பிறகும் மணி மட்டும் சிக்கிக்கொண்டு அலறியது.

அம்மா மகளைப் பார்த்தாள். பெட்டிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்க்ரூ தேடிய மெக்கானிக்கைப் பார்த்தாள். ஐந்து மாடியையும் பெட்டியோடு மாதக் கணக்கில் ஏறி இறங்கிய ஆள். அம்மாவுக்கு முழங்கால்தான் தேய்ந்திருந்தது, மூளை தேயவில்லை.

"தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஸ்க்ரூ கீழே விழுந்தது. "இல்லம்மா."

"இவளைப் பிடிச்சிருக்கா?"

"அம்மா!" என்றாள் மகள். ஆனால் மணியின் ஸ்விட்சை அவள்தான் சட்டென்று அணைத்தாள், பதில் சரியாகக் கேட்கவேண்டுமே என்று.

"பிடிச்சிருக்கும்மா. மேடத்துக்குச் சம்மதம்னா…"

"மேடம்னு கூப்பிடாம இருந்தா சம்மதம்" என்றாள்.

அம்மாவுக்குக் கண் நிறைந்தது. வாழ்நாள் வெற்றி! துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வீடு எங்க தம்பி?"

"பக்கத்துத் தெருதாம்மா. ஏழாவது மாடி."

"லிஃப்ட் இருக்குல்ல?"

"இருக்கு…" மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஓடாது."

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்!"

"அதனாலதாம்மா. ஓட ஆரம்பிச்சா அப்புறம் என்னென்ன வரும்னு எனக்குத் தெரியும்ல? அது தவிர, எங்க கட்டடத்துல சங்கம் இருக்கே ஒழிய, செயலாளரா இருக்க யாரும் முன்வரல."

அம்மாவும் மெக்கானிக்கும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.