தள்ளியதா, நுழைந்ததா

ஈரத் துணியில் சுருண்டு கிடந்த சதைத் துணுக்கை இடுக்கியால் எடுத்து, கத்தியின் ஒரே இழுப்பில் இரண்டாக வெட்டினாள் நோயியல் டாக்டர்.

"பாதியை உறைய வைங்க. மீதி துணியிலயே பத்திரமா இருக்கட்டும்."

ஐஸ்காரர் வாங்கிக்கொண்டார். உறைய வைத்துச் சீவும் இயந்திரம் அவர் கையில் இருப்பதால் ஆய்வுக்கூடம் வைத்த பெயர் அது. வழக்கமாக, "குல்ஃபி ரெடி மேடம்" என்று ஏதாவது கடிப்பார். இன்று நோயாளியின் விவரத்தைப் படித்ததோடு சரி. "பெண். நாற்பத்தொண்ணு. காதுக்குக் கீழ கட்டி." அதற்குப் பிறகு வாயில் பூட்டு.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. அறுவை அரங்கிலிருந்து சர்ஜன்.

"அம்மா தாயே! முகத்தைத் திறந்து வெச்சுட்டு நிக்கிறேன். கட்டி நரம்போட ஒட்டிக்கிட்டிருக்கு. நரம்பை விடவா, வெட்டவா?"

"இப்பதான சார் குடுத்தீங்க. மந்திரமா போடுறோம்?"

"போட்டாலும் தேவலை."

அவருடைய அவசரம் அவளுக்குப் புரியாமல் இல்லை. தாடை ஓரத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அதை வெட்டினால் ஒரு பக்கக் கண் மூடாது, உதடு தொங்கும், சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரிக்கும். கட்டி என்றாலே புற்று என்று ஜனங்கள் அலறுகிறார்கள். அப்படியில்லை. சாதுவான கட்டி எவ்வளவு பெருத்தாலும் அக்கம்பக்கத்தைத் தள்ளும்; உள்ளே நுழையாது. புற்று நுழையும். நரம்பின் உறையைக் கிழித்து, அதையே பாதையாக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். அப்படி நுழைந்திருந்தால் நரம்பைத் தியாகம் செய்துதான் ஆகவேண்டும். தள்ளியதா, நுழைந்ததா? கேள்வி அவ்வளவுதான். பதிலுக்காக ஒருத்தி மயக்கத்தில் கிடக்கிறாள்.

ஐஸ்காரரின் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. சீவிய இழையைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயத்தில் முக்கி, நீட்டினார். அவருடைய வெள்ளைக் கோட்டின் மேல் பட்டன் மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

ஊதிப் பெருத்த உட்கருக்கள். ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாத வடிவங்கள். நரம்பின் ஓரம் எங்கே முடிகிறது, கட்டி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?" ஒலிபெருக்கி.

'நுழைஞ்சிருக்கு சார்.' வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சில்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. இழை முழுக்கச் சல்லடை.

நிமிர்ந்தாள். "ஈரத்தைத் துடைச்சீங்களா?"

ஐஸ்காரர் விழித்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன். துடைச்சிட்டு உறைய வெச்சீங்களா?"

"இல்ல மேடம்."

ஈரத்தோடு உறைந்தால் தண்ணீர் ஊசி ஊசியாகப் பனியாகும். செல்களைக் குத்தி உப்ப வைக்கும். சாதுவும் கொலைகாரன் மாதிரி தெரியும். புதிதாகச் சேருபவர்களுக்கு அவர் முதலில் சொல்லித்தரும் பாடமே துடைப்பதுதான்.

"நீங்களா? ஒரு நரம்பு போயிருக்குமே! என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஐஸ்காரர் குனிந்து மீதிப் பாதியை எடுத்தார். இதுவும் கெட்டால் வேறு துணுக்கு கிடையாது. உறிஞ்சு தாளில் ஒற்றினார், திருப்பி ஒற்றினார். இயந்திரத்தின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு மூச்சைப் பிடித்தார். கத்தி சரக்கென்று இறங்கியது.

"சார், இன்னும் கொஞ்ச நேரம்."

"என் பொறுமைக்கு மயக்க மருந்து கிடையாது தாயே."

இரண்டாவது சில்லு. இந்த முறை படம் துல்லியம். ஒரு பக்கம் ஊதா நிறத்தில் கட்டியின் செல்கள், அளவான உட்கருக்களோடு, சமர்த்தாக. நடுவில் இளஞ்சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் வளைந்து, அழுத்தப்பட்டு, ஆனால் முழுசாக, நரம்பு. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனாள். திரும்பி வந்தாள்.

"சார். தள்ளியிருக்கு. நுழையலை. இந்தத் துண்டுல புற்று இல்ல. நரம்பை விட்டுடுங்க."

"நெஜமா?"

"மொத்தக் கட்டியும் கைக்கு வந்து, மெழுகுல பதிச்சு நிதானமா சீவிப் பாத்தாத்தான் முழு முடிவு. நரம்புக்கு நான் பொறுப்பு."

"நீ நல்லாயிருப்பே." ஒலிபெருக்கி அடங்கியது.

ஐஸ்காரர் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார். செல்போன் மறுபடி அதிர்ந்தது.

"யாரு விடாம கூப்பிடறது?"

"பொண்ணு. அவங்கம்மாவை உள்ள அனுப்பிட்டு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்கா."

டாக்டர் நோயாளியின் விவரச் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா வெளிய அனுப்பிடுவீங்க மேடம். இன்னைக்கு இந்த மிஷினுக்கு வேற ஆள் இல்ல." விரல் பட்டனைத் தொட்டது. "காலைல அட்மிஷனுக்குக் கெளம்பும்போதுதான் எம் பொண்டாட்டி தைச்சா. வெள்ளை நூல் தேடலாம்டின்னேன். கேக்கல. நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, வாய் கோணாம கடிக்கறது இதான் கடைசி, நல்லாப் பாத்துக்கய்யான்னு சிரிச்சா."

அறுபட்ட முனை பட்டனுக்குக் கீழே இரண்டு இழையாகப் பிரிந்து நின்றது. அதை இழுக்காமல், நறுக்காமல், விரல் நுனியால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.