வார் போட்ட கதவுகள்

கிறிஸ்டினாவுக்கு எங்கே அடிபட்டாலும் தெருவில் இருந்த கதவுகளெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும்; அவளுக்கு மட்டும் வலிக்காது. முள் குத்தினால் ஜன்னல், வெட்டுக்காயம் என்றால் வாசற்கதவு, சூடு பட்டால் பீரோ உட்பட என்று ஒரு கணக்கு இருந்தது. நாட்றம்பள்ளிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் கதவே கிடையாது, சாக்குப்படுதாதான். அதனால் பெற்றவர்களுக்கே விஷயம் தெரியாது. ஜோசுவாவைக் கட்டிக்கொண்டு ஆம்பூரில் ரயில்பாதையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு அவள் வந்த வாரத்தில், தோசைக்கல்லில் உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். அடுத்த கணம் தெருவே திறந்துகொண்டது. பிரியாணிக் கடை மஹபூப் பாஷா தலையில் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றிருந்ததை எதிர்வீட்டுக்காரர்கள் முழுசாகப் பார்த்தார்கள். நான் அப்போது கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுத் தேவகிதான் முதலில் முடிச்சை அவிழ்த்தவள். அதிலிருந்து கதவு திறந்தால் ஓடிப்போய் கிறிஸ்டினாவைத் தலையிலிருந்து கால்வரை புரட்டிப் பார்ப்பது தெருப் பெண்களின் வழக்கமாயிற்று.

"ஏய், இன்னாடி பண்ணிகினே? என் வூட்டுக் கதவு செவுத்துல மோதுது" என்று ஒரு நாள் தேவகி வந்து நின்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"கால காட்டு. பாரு, செருப்போட சேத்து ஆணி ஏறிக்கீது. செருப்புக்கே வலிச்சிருக்கும்டி, ஒனக்கு வலிக்கல."

கிறிஸ்டினா சிரித்தாள். அவள் வேலை தோல் பதனிடும் டேனரியில், வந்திறங்கும் பச்சைத் தோல்களை உதறி உப்புத் தட்டுவது. மற்றவர்கள் விரல் வெடிப்பில் உப்பு ஏறி அலறுகிற இடத்தில் அவள் பாட்டு முணுமுணுப்பாள். மூக்குக்கும் எந்த வாசனையும் எட்டாது. ஆம்பூருக்கென்றே அளவெடுத்துத் தைத்த உடம்பு என்று மேஸ்திரி புகழ்ந்தார். பாஷா பிரியாணி அண்டாவின் தம் உடைக்கும்போது எழும் வாசனையும் அவளுக்குக் கிடையாது என்பதில் பாஷாவுக்கு மட்டும் நிரந்தர வருத்தம்.

ஜோசுவா அவளை வேலூருக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தோலுக்கடியில் நரம்பு முடிகிற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன. குத்தோ சூடோ பட்டால் அவை திறக்கும். வெளியே நிற்கும் உப்பு உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் கரண்ட்டாக மாறி, நரம்போடு ஓடி, தண்டுவடம் ஏறி, மூளைக்குச் சேதி சொல்லும். மூளை அந்தச் சேதியைத்தான் வலி என்கிறது. இவளுக்கு அதில் ஒரு வகைக் கதவு பிறவியிலேயே திறக்காது. மூக்கின் நரம்பிலும் அதே கதவுதான், அதனால் வாசனையும் இல்லை.

"நாள் பூரா உப்புலதான் மேடம் நிக்கிறேன். ஒண்ணு கூடவா உள்ள போவல?" என்றாள் கிறிஸ்டினா.

"உள்ள தொறக்காத கதவு வெளியில தொறக்குமா டாக்டர்?" என்று ஜோசுவா கேட்டான். டாக்டர், இதற்கு மருந்து இல்லை, தினமும் உடம்பைச் சோதியுங்கள், வலி இல்லாதவர்கள் வலியால் சாவதில்லை, தெரியாமல் சாகிறார்கள் என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தெரு சில வருடம் பொறுத்தது. பிறகு அலுத்தது. திறந்த கதவு வழியாக நாய் புகுந்து கறியைத் தூக்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உள்ளறைச் சண்டை மேடையேறியது. "பேஜாரா போச்சு ஜோசுவா. ஒம் பொண்டாட்டிக்கு வெரல் நசுங்கினா நான் துண்ட தேடணுமா?" என்றார் பாஷா. எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் தீர்வு வார்தான். பை அறுந்தாலும் வார், கட்டில் தொய்ந்தாலும் வார். ஜோசுவா ஷூ கம்பெனியில் கைதேர்ந்தவன். வெட்டி மிஞ்சிய எருமைத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, பக்கிள் வைத்து, வீட்டுக்கு வீடு கதவின் உள்பக்கம் ஆணியடித்துக் கொடுத்தான். எக்ஸ்போர்ட் குவாலிட்டி, மாடு கட்டி இழுத்தாலும் அறாது என்றான். முதல் வாரைத் தன் கதவிலேயே போட்டான். பிடித்துக்கொண்டு நின்றவள் கிறிஸ்டினா.

"நல்லா இறுக்கு. எனுக்கு இன்னா வலிக்கவா போவுது?"

தெரு மானத்தோடு குளித்தது. கதவு திறக்காததால் தேவகி ஓடுவதும் குறைந்தது. ஓடாததால் பார்ப்பதும் நின்றது. ஜோசுவா மட்டும் இரவில் அவள் கைகால்களைத் திருப்பிப் பார்ப்பான். ஆனால் வயிற்றுக்குள்ளே யார் பார்ப்பது?

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வாந்தி, லேசாகக் காய்ச்சல். நேற்றைய குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்தாள். கம்பெனியில் அவசர ஆர்டர், ஜோசுவா இரவும் சேர்த்து இரட்டை ஷிப்டுக்குப் போனான். அன்று முழுக்கவும் மறுநாளும் தெருக்கதவுகள் நிலையோடு சேர்ந்து நடுங்கின. "இன்னிக்கு கூட்ஸ் வண்டி ஜாஸ்தி" என்றார் பாஷா. தேவகி பக்கிளை ஒரு துளை தள்ளி இறுக்கினாள். நானும் இறுக்கினேன், கதவு ஆடுகிற ஆட்டத்தில் டிவி சத்தம் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜோசுவா வீடு திரும்பியபோது கிறிஸ்டினா சிரித்த முகத்தோடு படுத்திருந்தாள். உடம்பு அனலாக இருந்தது. "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். ஆட்டோ வேலூர் சேர்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. குடல்வால் எப்போதோ வெடித்திருந்தது. வார்களில் ஒன்றுகூட அறவில்லை. அவன் சொன்னது சொன்னபடி இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜோசுவா தோல் சீவும் கத்தியோடு வந்து வீடு வீடாக வார்களை அறுத்தான். யாரும் தடுக்கவில்லை. கடைசி வார் விழுந்ததும் கதவுகளெல்லாம் மெதுவாகத் திறந்தன. அதன்பின் மூடவில்லை. தச்சன் வந்து கீலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், ஜோசுவாவைப் பார்த்தான், டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது எல்லார் வாசலிலும் சாக்குப்படுதாதான். புதிதாகக் குடிவருகிறவர்கள் கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள். "அது மூடாது" என்போம். சரி என்று கடையில் சாக்கு கேட்கப் போவார்கள். தேவகி மட்டும் தினமும் ஜோசுவா வீட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு போகிறாள்.

"எங்க வலிக்குது ஜோசுவா?"

"எங்கியும் இல்லக்கா."

அவள் நம்புவதில்லை. அவன் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைக் கவனிக்கப் போகிறாள்.