கறுப்பு என்று எழுதாத வரி

1

இந்தக் கதையை ஆழ்ந்து யோசித்துப் பிடித்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இது மாலை நேரக் கணினி நிரல் வகுப்பில் தொற்றிக்கொண்டது. கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் பெட்டியில், ஒவ்வொரு பெயருக்கும் நிரல் வழியாக நிறம் கொடுப்பது எப்படி என்பது அன்றைய பாடம். திரையில் ஒரு பெயர் சிவந்ததும் வகுப்பே வாயைப் பிளந்தது. வளர்ந்த மனிதர்கள்! அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் என்ன ஆவார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். கேட்பதைவிட அது சுலபம்.

2

முதல் தொடக்கம்: "சிவப்பு வெறும் நிறமல்ல, அது ஒரு…" (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே அடுத்த வரியில் மூடிவிடுவேன்.)

இரண்டாவது தொடக்கம்: கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் அவள் நிரல் எழுதச் சேர்ந்தாள். அங்கே படம் வரையும் அவளுடைய அண்ணிதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

(அழகில்லை. ஆனால் நகர்கிறது. இதுவே இருக்கட்டும்.)

3

முதலாளிக்கு வரைபடத்தைத் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் கிடையாது. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து "இந்தப் படத்தில் தவறு" என்று அவருக்குக் குறிப்பு வரும். அதையும் திறக்க மாட்டார்.

"படிக்கல்லாம் எனக்கு நேரமில்லம்மா. தப்பு வந்த படத்தோட பேரு சிவப்பா தெரியணும். பார்த்ததும் யாரைத் திட்டணும்னு புரியணும். அவ்வளவுதான்."

செய்து கொடுத்தாள். பட்டியலில் மேலே முதலாளியின் மச்சான் வரைந்த படங்கள், கீழே அண்ணி வரைந்தவை. முதலாளி மவுஸின் சக்கரத்தை உருட்டினார். அவர் கீழ்நோக்கி மட்டுமே உருட்டுவார். மறுபடி மேலே போய் மச்சானைக் கவனிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"மச்சான் பரவால்ல, அங்கங்க ரெண்டு இருக்கு. கீழ வந்து பாரு, உங்க அண்ணி பக்கம் ஒரே ரத்தக்களரி!"

தன் நிரல் வேலை செய்கிறது என்று அவள் பூரித்துப் போனாள். (இவளைக் கொஞ்சம் நல்லவளாக எழுதலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. பூரிப்பு பூரிப்புதான்.)

4

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க அண்ணி படங்களை விரித்து வைத்திருந்தாள்.

"என்னதான் தப்பாம் அண்ணி?"

"அதைச் சொல்லிட்டாத்தான் தேவலையே. சிவப்புன்னா சிவப்பாம். நீயே தேடிக் கண்டுபிடிங்கறார்."

அண்ணன் பாத்திரம் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தான். "தப்பு இல்லாம எப்படிச் சிவக்கும்? உன் நாத்தனார் செஞ்சது பொய் சொல்லுமா?"

அண்ணி ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். "கண்ணு போச்சுடி எனக்கு. எதைப் பார்த்தாலும் சரியாவே தெரியுது."

கடைசியில் ஒரு வீட்டின் படிக்கட்டில் பென்சிலை வைத்தாள். "இதுவாத்தான் இருக்கணும்." சரியாக இருந்த படிக்கட்டில் ஒரு படியை அடித்துவிட்டாள். மறுநாள் திருத்திய படம் கட்டட வேலைக்குப் போயிற்று.

5

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே வைக்கிறேன். அந்தப் பட்டியல் பெட்டி, திரையில் தெரியும் அளவுக்கு மட்டுமே வரிகளை வைத்திருக்கும். மேலே நகர்ந்து மறையும் வரியையே கீழே கொண்டுவந்து, அதில் வேறு பெயரைப் போட்டுக் காட்டும். சாப்பிட்ட தட்டையே அடுத்தவருக்கு வைப்பதுபோல. நாம்தான் கழுவ வேண்டும். "தவறு இருந்தால் சிவப்பு" என்று அவள் எழுதியிருந்தாள். "இல்லாவிட்டால் கறுப்பு" என்று எழுதவில்லை. மச்சானின் சிவப்பு கீழே இறங்கி அண்ணியின் பெயர்கள்மேல் அப்பிக்கொண்டது.)

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் கணினியில் அவள் இதைக் கண்டுபிடித்தாள். அண்ணியின் பெயரில் ஒரு குறிப்புகூட வந்திருக்கவில்லை. விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாப்பிட்டு வந்த முதலாளி உருட்டினார். "பார்த்தியா? ஒரு சத்தம் போட்டேன், எல்லாத்தையும் திருத்திட்டா!"

அவள் சிரித்து வைத்தாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால்

6

அந்தப் படிக்கட்டு திரும்பி வந்தது. ஒரு படி குறைகிறது, மேல்மாடிக்கு எட்டவில்லை என்று குறிப்பு. அண்ணியின் பெயரில் முதல் சிவப்பு. இந்த முறை நிரல் சரியாகத்தான் சொன்னது.

முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டார். "இவ்வளவு சொல்லியும் ஒண்ணை விட்டுவச்சிருக்கா பாரு. இந்த வாரத்தோட நின்னுக்கச் சொல்லிடு. நீயே சொல்லு, வீட்டு விஷயந்தானே? உன் வேலையை அடுத்த மாசமே நிரந்தரமாக்கிடறேன்."

7

முடிவு அ: அவள் நிமிர்ந்து நின்று எல்லா உண்மையையும் சொல்ல, முதலாளியின் கண்கள் கலங்க… (எந்தக் கண்கள்? மச்சானின் சிவப்பையே பார்க்காத கண்களா? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் செய்தியை மட்டும் சொல்கிறாள். அண்ணி, "போகட்டும், நீயாவது நிலைச்சிரு" என்று அவள் கன்னத்தைத் தட்டுகிறாள். (இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. எழுதக் கை கூசுகிறது.)

முடிவு இ: என்னிடம் இல்லை. வகுப்பில் ஒருவரிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார். அவரும் நிறைய முன்னேறுவார்.

ஆகவே உங்களிடம் தருகிறேன். இரக்கப்பட்டு அந்தக் கோளாறை மட்டும் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். அவள் முதலாளியின் அறையிலிருந்து வெளியே வந்து, அண்ணியின் மேசை முன் நிற்கிறாள். அண்ணி நிமிர்ந்து பார்க்கிறாள். படிக்கட்டு திரும்பி வந்தது அவளுக்குத் தெரியும்; வேலை போகப்போவது இன்னும் தெரியாது.

"சொல்லுடி, அந்தப் படிக்கட்டுல முதல்ல என்னதான் தப்பு இருந்துச்சாம்?"