நான்காவது வரியில் மணல்

09.08.2025, சனிக்கிழமை, பிற்பகல் 3.20

தவறு: போன ஞாயிறு எழுதிய வேலைப் பட்டியலில், நான்காவது வரியில் 'மணல்' என்று மட்டும் எழுதிவிட்டேன். என்ன மணல் என்று எழுதவில்லை. சிறிய தவறு. சிறியதுதானா என்பது கீழே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நயினார் பேனாவை நோட்டுக்குள் வைத்து மூடுவதற்குள் கீழேயிருந்து குரல் படியேறி வந்துவிட்டது.

"டேய் நயினாரு! நீ எறங்கி வர்றியா, நான் ஏறி வரட்டா?"

பாயில் படுத்திருந்த அறைத்தோழன் இசக்கி கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எல, போ, ஒன் மாமியாவீட்டுல இருந்து அழைப்பு வந்திருக்கு."

குரலுக்குச் சொந்தக்காரர் பரசுராமன். மண்ணூர்க்காரர். கீழே குடும்பம், மாடியில் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட நான்கு அறைகள். ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் கம்பெனியில் நயினார் நிற்கும் லைனுக்கு சூப்பர்வைசரும் அவர்தான். விடிந்தால் அங்கே விரட்டுகிற வாய், பொழுது சாய்ந்தால் இங்கே தண்ணீர் மோட்டார் போட்டதற்கு விரட்டும். லைனில் அவரை 'சார்' என்றும் வீட்டில் 'அண்ணே' என்றும் கூப்பிட வேண்டும் என்பதை நயினார் வந்த முதல் வாரமே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

நயினார் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே கூடத்தில், சுவரோரமாக இருந்தது அந்த ஐந்தடி மீன் தொட்டி. போன வருடம் அதை அமைத்துக் கொடுத்தவனும் நயினார்தான். இந்தப் பக்கம் வருவதற்கு முன் திருநெல்வேலியில் ஒரு வண்ணமீன் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். தரை முழுக்கப் பச்சைப் புல், நடுவில் மலைபோல அடுக்கிய கூர்க்கற்கள், அதைச் சுற்றி விரல் நீளச் சிவப்பு மீன்கள். வருகிறவர்கள் எல்லாம் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் அதற்குக் கேடு வந்தது. ஆலை முழுவதற்கும் தலைவரான பிளான்ட் ஹெட் மூன்று வாரப் பயிற்சிக்காகப் புனேவுக்குக் கிளம்பினார். அவர் வீட்டில் இரண்டு ஃபயர் ஈல் இருந்தன. நம் ஆரல் மீன் மாதிரிதான். ஆனால் ஒன்றரை அடி நீளம், கருத்த உடம்பில் நெருப்புக்கோடு. அதை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே பரசுராமன் கையைத் தூக்கிவிட்டார். "நம்ம வூட்ல பெரிய டேங்கே கீது சார்."

ஆரல் தரையில் வாழ்கிற மீன். மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். புதைய மணல் இல்லாவிட்டால் இருப்பதைத் தோண்டும். இரண்டே நாளில் புல்லைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி மேலே மிதக்கவிட்டன, மலையையும் சரித்தன. சிவப்பு மீன்களை விழுங்கிவிடும் என்று அவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. பரசுராமன் மனைவி செந்தாமரைக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் போன ஞாயிறு தொட்டியைக் காலிசெய்து மறுபடி அமைத்தது. புல்லும் மண்ணும் கூர்க்கல்லும் வெளியே. செடிகளை வேர் தரையைத் தொடாதபடி மரக்கட்டைகளில் நூலால் கட்டினான். ஒளிந்துகொள்ள நான்கு அங்குல பிவிசி குழாய் இரண்டு. எகிறிக் குதிக்காமலிருக்க மூடிமேல் பாரம். தரையில் மூன்று அங்குலம் மணல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை ஒரு மீன் இரையைத் தொடவில்லை. இன்று இரண்டும் தொடவில்லை.

"பாருடா," என்றார் பரசுராமன். "வயித்த பாரு. தோலுரிச்ச தக்காளி மாரி கீது."

ஒரு மீன் தலையை மணலில் செருகியது. பாதி உடம்பு போனதும் சுண்டி இழுத்தாற்போலப் பின்வாங்கியது. கண்ணாடிப் பக்கம் புரண்டபோது அடிவயிறு செக்கச்செவேலென்று தெரிந்தது.

"மணல் கூர்மையா இருக்குண்ணே. புதையும்போது வயித்தச் சீவிட்டுது. நாந்தான்..."

"நாந்தான்! அப்புடி சொல்லு. அத்த தான் எழுதச் சொல்றேன்."

டீப்பாய்மேல் ஒரு தாள் கிடந்தது. லைனில் ஒரு பொருள் கெட்டுப்போனால் எழுதும் 'ஏன்-ஏன்' தாள். ஐந்து கட்டம். ஒவ்வொன்றிலும் ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். எந்தத் தாளாக இருந்தாலும் ஐந்தாவது கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று முடிப்பதுதான் அவர்கள் லைன் வழக்கம். மழை பெய்து கூரை ஒழுகினாலும் ஆபரேட்டர் கவனக்குறைவுதான் என்று இசக்கி சொல்லுவான்.

நான்கு கட்டங்களைப் பரசுராமனே நிரப்பியிருந்தார். மீனுக்கு ஏன் காயம்? மணல் கீறியது. ஏன் கீறியது? கூர்மையான மணல். ஏன் அதைப் போட்டது? தப்பான மணலைத் தேர்ந்தெடுத்தது. ஏன் தேர்ந்தெடுத்தது? சரிபார்க்கவில்லை.

"அஞ்சாவது நீயே எழுது. எப்பவும் எழுதறது தான். எழுதி கையெழுத்து போடு. திங்கக்கெழம காலைல ஹெட்டு மீன எடுக்க வர்றாரு. நான் இன்னா பதில் சொல்லுவேன்? எவன் கெடுத்தானோ அவன் பேரைச் சொல்லணும்ல?"

நயினார் தாளைக் கையில் எடுத்தான். மெயின்டனன்ஸ் பிரிவில் இரண்டு இடம் காலியிருக்கிறது. அதற்காகத்தான் ஒன்பது மாதமாகச் சுங்குவார்சத்திரத்தில் மாலை வகுப்புக்குப் போகிறான். மெஷினுக்கு நிரல் எழுதும் படிப்பு. வரும் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. தேறினால் பிளான்ட் ஹெட்தான் நேர்காணல் செய்வார். இந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் யாருக்கு மெஷினைக் கொடுப்பார்?

"அண்ணே, நேர்ல ஹெட்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்..."

"ஹெட்டாண்ட நீ பேசுவியா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?" பரசுராமன் போனை எடுத்துக் காட்டினார். அடுத்த வார ஷிப்ட் பட்டியல். "இன்னும் அனுப்பல. எழுதுனா நீ ஏ ஷிப்ட்டு. இல்லன்னா திங்கக்கெழமலேருந்து பி. ரெண்டரைலேருந்து பதினொண்ணு. அப்பால எந்த கிளாஸுக்குப் போறன்னு பாக்கறேன்."

அடுக்களை வாசலில் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்த செந்தாமரை தலையைத் தூக்கினாள். "செவப்பு மீனு இருந்தப்போ கூடம் எப்புடி இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து வூட்டுக்குள்ள பாம்ப வுட்டுட்டு, இப்போ பஞ்சாயத்து பேசறீங்க."

"நீ உன் வேலைய பாரு."

நயினார் சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி மணலை அள்ளினான். கன்னத்தில் வைத்துத் தேய்த்தான். சுருக்கென்றது. எம் சாண்ட். குவாரிக் கல்லை உடைத்துச் சலித்தது. திருநெல்வேலிக் கடை முதலாளி எந்த மணல் வந்தாலும் இப்படித்தான் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். ஆற்று மணல் உருண்டையாக இருக்கும், உறுத்தாது. போன ஞாயிறு நயினார் இதை ஒன்பது தடவை கழுவினான். தண்ணீர் தெளிந்ததும் 'சரி' என்று எழுதினான். லைனில் அழுக்கைப் பார்த்துப் பழகிய கண் அழுக்கைத்தான் பார்த்தது. தெரிந்த சோதனையை எப்படி மறந்தான்? மறந்தானா, இல்லை, பரசுராமனிடம் வேறு மணல் கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளப் பயந்து விட்டுவிட்டானா? நியாயமாகப் பார்த்தால் ஐந்தாவது கட்டம் அவனுடையதுதானே?

பேனாவைத் திறந்தான். பட்டியல் எழுதிய தேதியையும் போட வேண்டும். தேதியில்லாமல் அவனால் எதையும் எழுத முடியாது. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினான்.

03.08.2025. ஒன்று, மீன்களை டிரம்முக்கு மாற்றுதல். இரண்டு, கற்கள். மூன்று, மண். நான்கு, மணல், இரண்டு மூட்டை.

அதற்கு நேராகச் சிவப்பு மையில், எழுத்து சாய்ந்து, வேறு கை எழுதியிருந்தது: 'வூட்லயே கீது.' கீழே ஒரு கையெழுத்து. பரசு.

நயினாருக்குக் காது சூடேறியது. எந்த வேலைக்கும் முன்னால் சூப்பர்வைசரிடம் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது லைனில் பழகிய பழக்கம். பழக்கத்தில் அன்றும் நீட்டியிருக்கிறான். அவரும் பழக்கத்தில் போட்டிருக்கிறார். தன் தவறை மட்டும் மூன்று நாளாக நினைத்து நினைத்துக் குமைந்தவனுக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு மை நினைவில் இல்லை. பரசுராமனும் வேண்டுமென்று செய்யவில்லை. இந்தப் பக்கம் வீடு கட்டுகிற எவருக்கும் மணல் என்றால் எம் சாண்ட்தான்; ஆற்று மணலைக் கண்ணால் பார்த்து வருடக்கணக்காகிறது. அவன் ஒன்றை நினைத்து எழுதினான். அவர் ஒன்றை நினைத்துத் தூக்கிவந்தார்.

நோட்டைத் திருப்பிக் காட்டினான்.

பரசுராமன் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். பக்கத்தை அடியோடு கிழித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப இன்னா கீது உன்னாண்ட?"

அடுக்களை வாசலில் சிரிப்புச் சத்தம். "கிழிச்சிட்டியா? சூப்பரு. மாடில பூச்சு வேல முடிஞ்சு மிச்சம் கெடந்த மூட்டைய நீ தான முதுகுல தூக்கினு எறங்குன? முதுகு புடிச்சுக்கிச்சுன்னு ரெண்டு நாளு தைலம் தேச்சு வுட்டேனே, அத்தயும் கிழிச்சு பாக்கெட்ல போட்டுக்க."

"செந்தாமர! உள்ள போ!"

"போறேன், போறேன். அவனுக்காக ஒண்ணும் நான் பேசல. ரெண்டு பேருமே நாசமா போங்க." அவரைக்காய்த் தட்டு உள்ளே போயிற்று.

நயினார் நோட்டை மூடி மார்போடு பிடித்துக்கொண்டான். "சார்."

பரசுராமனின் முகம் மாறியது. இந்தக் கூடத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சார், என்ன மணல்னு நான் எழுதல. அது என் தப்பு. கழுவும்போது கூர் பாக்கல. அதுவும் என் தப்பு. ரெண்டையும் எழுதுதேன். மூட்டைய நீங்க கொண்டாந்தீங்க. அதையும் எழுதுதேன். மூணும் இருந்தா கையெழுத்துப் போடுதேன். ஒண்ணு மட்டும்னா போடமாட்டேன்."

"எங்கியோ கெடந்தவன இட்டாந்து ரூமு குடுத்தா, எனக்கே ரிப்போர்ட் எழுதறியா? பி ஷிப்ட்டு. இதோ போடறேன் பாரு." கட்டைவிரல் போன்மேல் இறங்கியது.

"போடுங்க சார். ஆனா தொட்டிய நான் தொடமாட்டேன். திங்கக்கிழமை ஹெட் வரும்போது ரெண்டும் இப்படியேதான் கெடக்கும். இல்ல, மெதக்கும்."

சொல்லிவிட்டானே தவிர, அதை அவனே நம்பவில்லை. அந்த வயிற்றைப் பார்த்துவிட்டு அவனால் மாடியேறிப் போக முடியாது. பி ஷிப்ட் என்றாலும் போய் மணலை அள்ளத்தான் போகிறான். அது இந்த மனிதருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் அப்போது அவனுக்கு இருந்த வேண்டுதல்.

தொட்டிக்குள் பெரிய மீன் மறுபடி தலையைச் செருகியது. மறுபடி சுண்டியது. பரசுராமனும் பார்த்தார். கட்டைவிரல் நின்றது.

"நாளைக்குள்ள சரியாயிடுமா?"

"காயம் ஆறாது. ஆனா இரை எடுக்கும், படுக்கும். ஆற ரெண்டு வாரம் ஆகும்னு ஹெட்கிட்ட சொல்லலாம். எப்படி ஆச்சுன்னு நீங்க என் பேரச் சொன்னா, நானும் சொல்லுவேன்."

பரசுராமன் ஏன்-ஏன் தாளைக் கசக்கி டீப்பாய்க்கு அடியில் எறிந்தார்.

"புதன்கெழம வரிக்கும் ஏ ஷிப்ட்டு. வியாழக்கெழமலேருந்து பி. மாசம் பொறக்கறப்போ ரூம காலி பண்ணு. உன் மூஞ்சிய லைன்ல பாக்கறதே எனக்கு போதும்."

"சரி, சார்."

"இன்னாடா, வூட்லயும் சாரா?"

நயினார் நீல டிரம்மைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே பாதிவரை நிரப்பி, குழாய்கள் இரண்டையும் அதற்குள் இறக்கினான். வலையில் பிடித்தால் இன்னும் கீறும் என்று ஈரத்துணியில் ஏந்தி ஒவ்வொன்றாக மாற்றினான். மணல் இல்லாத டிரம்மில் இரண்டும் குழாய்க்குள் போய் அசையாமல் படுத்தன. பரசுராமன் சோபாவில் உட்கார்ந்து கால்மேல் கால்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை பிடிக்கவில்லை.

மாடிக்கு வந்து நடந்ததைச் சொன்னான். இசக்கி எழுந்து உட்கார்ந்தான்.

"புதன்கிழமை பரீச்சை எழுதிருவ. சரி. மாசம் பொறந்தா நான் எங்கல போவேன்?"

நயினார் ஈரச் சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

"ரூமு ஒனக்கு மட்டுமா? எனக்குந்தானல? கீழ நின்னு வீரவசனம் பேசையில, மேல ஒருத்தன் கெடக்கானேன்னு நெனச்சியா? ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தா ரெண்டு பேரும் இங்கனயே கெடந்திருக்கலாம்."

"நெனைக்கல."

"நெனைக்க மாட்ட. ஒனக்கு நோட்டு இருந்தாப் போதும். அதுலயே போய்க் குடியிரு." இசக்கி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நயினார் நோட்டைத் திறந்தான். கிழிந்த பக்கத்தின் விளிம்பு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது.

மாலை 6.15

தவறு 2: இசக்கியைக் கேட்காமல் அறையை விட்டுக்கொடுத்தேன். இது சிறியதல்ல.

நாளை காலை ஆறு மணிக்குத் தொட்டியிலிருந்து எம் சாண்ட் முழுவதையும் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். பத்து மணிக்கு மீன் கடை திறக்கும். உருண்டை மணல், இரண்டு மூட்டை. வண்டியில் ஏற்றும் முன் கன்னத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.