மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூட்டர்

மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய கம்ப்யூட்டர் ரூட்டராக வேலை செய்யத் தொடங்கிய அன்று, மூன்றாம் மாடித் தையல்காரர் தன் மனைவியிடம் என்றைக்கோ சொல்லி, தையல் மெஷின் சத்தத்தில் காதில் விழாமல் போன ஒரு வாக்கியம் அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு" என்று கணவரின் குரல், அதுவும் தலை நரைப்பதற்கு முந்தைய குரல், காதோரம் சொல்லிவிட்டுப் போனது. அந்த நீல உடை கிழிந்து, பாத்திரம் துடைக்கும் துணியாகி, அதுவும் தேய்ந்து காணாமல் போயிருந்தது. இறங்கிவந்து அவள், "இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "நான் அப்பவே சொல்லிட்டேன். வந்து சேர லேட்டானா நான் என்ன பண்றது?" என்றார்.

அந்த ரூட்டரைச் செய்தவள் முதல் மாடியில் இருந்தாள். நெட்வொர்க் அலுவலகம் ஒன்றில், எல்லாம் தெரிந்த, எதையும் மெதுவாகச் செய்கிற பெரிய மெஷின்களோடு பகல் முழுவதும் மல்லுக்கட்டுவது அவள் வேலை. கட்டிடத்துக்கு வந்த ஒரே இன்டர்நெட் இணைப்பை எல்லா வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்த பெட்டி ஒவ்வொரு கோடையிலும் சூடேறிச் செத்துக்கொண்டிருந்ததால், தன்னிடம் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அதற்குப் பழக்கிவிடுவதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருந்தாள். அதன் ஹார்ட் டிஸ்க் எப்போதோ கண்மூடிவிட்டது. உயிரோடு இருந்தது ஃப்ளாப்பி போடும் வாய் மட்டும்தான். ஆகவே சுவிட்சைப் போட்டதும் மெஷினை எழுப்பி, வந்ததை வாங்கி, போக வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிடுகிற ஓர் இயங்குதளம் முழுவதும், கொஞ்சமே கொள்ளும் ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும். இரண்டு மழைக்காலம் அதற்குப் போனது. துணி திணித்த பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பூட்டுகிறவளைப் போல அவள் அழுத்தி அழுத்தி அடக்கினாள். கடிகாரத்தை எடுத்தாள், அச்சிடும் பகுதியை எடுத்தாள், கீபோர்டு தேவையில்லை என்று அதையும் எடுத்தாள். ஒவ்வொன்றை வெட்டும்போதும் வெளியே சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷம் அவளுக்குள் ஓடியது. இல்லாமல் முடியும் என்று காட்டுவதில் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது.

சமையலறையை ஒட்டிய ஒடுக்கமான அறையில், வாசலுக்கு முதுகு காட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை செய்வாள். பாட்டெல்லாம் இல்லை, சத்தம் வேண்டாம் என்பதற்காக. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் அறை வாசலில் வந்து நிற்பார். அவர் நிழல் அவள் எதிரே சுவரில் விழும், கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போய்விடும். சும்மா பார்த்துவிட்டுப் போகிறார், பேச ஒன்றுமில்லாத மனிதர் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கட்டிய முடிவுக்குள்ளேயே குடியும் இருந்தாள்.

சொற்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நெட்வொர்க்கில் பயணம் செய்யும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் ஓர் எண் இருக்கும். கடக்கிற ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலம் செத்தது என்று கணக்கு. வழி தவறியவை காலகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இத்தனை சின்னக் கட்டிடத்தில் எது வழி தவறப்போகிறது என்று அவள் அந்தக் கழித்தலையும் வெட்டியிருந்தாள். அதனால் அங்கே எதுவும் சாகவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னவை, தூங்கிப்போனவரிடம் சொன்னவை, போன் கட்டான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தவை எல்லாம் சுவர்களுக்குள்ளிருந்து வயருக்குள் இறங்கி, சேர வேண்டிய ஆளைத் தேடிச் சேர்ந்தன. செயலாளர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, வெளிநாடு போய்விட்ட மகனின் "சாரிப்பா" வந்தது. பாதி நுரையோடு போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குழாயில் எப்படி வருகிறது என்றும் அங்கே யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு துணி மடிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் காதை ஒருபக்கம் சாய்த்தபடி இருப்பதைத் தானே கண்டுபிடித்து வெட்கப்பட்டாள்.

"உங்களுக்கு என்னக்கா வந்துச்சு?" என்று தையல்காரரின் மனைவி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரலை."

"அண்ணன் அமைதியான டைப்பு. சொன்னாத்தானே வரும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அது முள்ளாகத் தைத்தது. சொல்லிக் காதில் விழாமல் போனது எதுவானாலும் வந்து சேர்கிறது, வரவில்லையென்றால் சொல்லப்படவே இல்லை. மெஷின் பொய் சொல்லாது, அதை எழுதியவளே அவள்தான். இத்தனை வருடத்தில் அந்த வாசலில் நின்ற மனிதர் ஒரு வார்த்தைகூடத் தன்னிடம் சொல்ல முயன்றதில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தை, அவள் யாருக்கும் காட்டாமல் சமைத்தாள், அலுவலகம் போனாள், வந்தாள்.

இதற்கிடையில் இணைப்பு மந்தமானது. செயலாளர் படியில் மறித்தார். "ஏம்மா, சொல்லு வர்றதெல்லாம் சரி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா படம் பார்க்க உக்கார்ந்தா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குதே. நீ எடுத்தேன்னு சொன்னியே ஒரு கணக்கு, அதைத் திருப்பிப் போட்டுடேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடிப்படிக்குக் கீழே ஒரு மானிட்டரை மாட்டி, முக்காலியில் உட்கார்ந்தாள். ரூட்டர் பொட்டலத்தின் மேலுறையைப் பார்க்கும், உள்ளே இருப்பதைப் படிக்காது. திரையில் முகவரிகள் ஓடின. சுற்றிச் சுற்றி ஓடி வழியை அடைத்துக்கொண்டிருந்தவை எல்லாவற்றின் மேலும் ஒரே முகவரி. அவளுடைய வீடு. அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. இடத்தை மிச்சப்படுத்தத் தன் வீட்டு முகவரியையே மெஷினுக்கும் கொடுத்திருந்தாள். ஒரு ரூட்டருக்கு யார் என்ன அனுப்பப்போகிறார்கள் என்று, தனக்கே வருவதை வாங்கிக்கொள்ளும் பகுதியையும் வெட்டியிருந்தாள். வீட்டில் நெட் வராததற்கு வயரைத் திட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். அவளுக்கு வந்தவை வந்தன, வாங்க ஆளில்லாமல் மறுபக்கம் தள்ளப்பட்டன, மறுபடி வந்தன.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் கை துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"ஏங்க, எங்கிட்ட நீங்க இவ்வளவு பேசியிருக்கீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். "பேசினேனே. நீ காதுல மாட்டியிருந்தே."

"தோளைத் தட்டியிருக்கலாமில்ல?"

"வேலை பார்க்கிறவளை எதுக்குத் தட்டுறது. சொல்லிட்டுப் போனா எனக்கு ஒரு திருப்தி."

"இதை வாங்கணும்னா மெஷினை அணைச்சு வேற ஃப்ளாப்பி போடணும். அணைச்சா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்." அவள் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம். பாதி 'காபி ஆறுது'ன்னுதான் இருக்கும்."

"மீதிப் பாதி?"

அவர் லிஃப்ட் கயிற்றைப் பார்ப்பதுபோல மேலே பார்த்தார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. "அணை. பார்த்துக்கலாம்" என்றார்.

புது ஃப்ளாப்பியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. கழித்தல் கணக்கைப் போடலாம், இல்லை, தனக்கு வருவதை வாங்கும் பகுதியைப் போடலாம். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தனக்கு வேண்டியதை மற்றவர்கள் கேட்டதற்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, திருடியவளைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவிட்சை அணைத்தபோது படிக்கட்டு முழுவதும், அப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியைப் போல, கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கைப்பிடியில் கை வைத்து அது ஆறும்வரை நின்றாள். பிறகு புது ஃப்ளாப்பியைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் எழுந்தது.

அடைத்துக்கொண்டிருந்தவை போய்விட்டதால் செயலாளரின் படம் தங்குதடையில்லாமல் ஓடியது. எந்தப் பகுதியைப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கழித்தல் இல்லாததால் அங்கே இன்றுவரை எந்தச் சொல்லும் சாவதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம், தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை எடுக்கும் நாளையும் சொல்லும்போது, பழைய பேச்சு வரும், பயப்பட வேண்டாம் என்பதையும் செயலாளர் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

மீதிப் பாதியைக் கணவர் ஒரேயடியாகச் சொல்லிவிடவில்லை. அது அவர் சுபாவமும் இல்லை. வருடக்கணக்கில், வாசலில் நின்றபடி, அன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் உள்ளேயிருந்து பாடியதைச் சொல்வதற்கும் சட்டைப் பொத்தான் எங்கே என்று கேட்பதற்கும் நடுவில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவள் ஹெட்ஃபோனை விடவில்லை, ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் சொல்வது அவளுக்கு இரண்டு முறை வந்தது. வாசலிலிருந்து ஒரு முறை, சற்றுத் தாமதமாக மாடிப்படி வழியாக இன்னொரு முறை. இரண்டுக்கும் அவள் தனித்தனியாக "ம்" சொன்னாள்.