முதுகுப் பக்கிள்

முதுகில் இருந்த பக்கிள் அவன் கைக்கு எட்டவில்லை. வலது கையைத் தோளுக்கு மேலாகவும் இடது கையை விலாவுக்குக் கீழாகவும் கொண்டுபோய், தோள்பட்டைகளுக்கு நடுவே தொங்கிய இரண்டு முனைகளையும் பிடிக்கப் பார்த்தான். ஒன்று அகப்பட்டால் மற்றது நழுவியது. நெஞ்சில் கட்டிய பைக்குள் ஏழு வாரக் குழந்தை காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. இப்போதைக்கு அழவில்லை. அதுவே பெரிய விஷயம்.

கதவைத் தட்டிவிட்டுச் சங்கிலி தலையை நீட்டினான். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் பதினோரு வருஷமாக அவனுக்குக் கூட்டாளி. சாவிகளையெல்லாம் ஒரே சங்கிலியில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அலைவதால் அந்தப் பேர். இன்று அது சத்தம் போடக் கூடாதென்று கையில் இறுகப் பிடித்திருந்தான்.

"பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். பெட்டியத் தூக்க ஆறு பேர் வேணும். உன்னச் சேக்கவா, வேண்டாமா?"

"சேத்துக்க."

"அப்ப புள்ள?"

"புள்ளையும்தான்."

சங்கிலி முதுகுப் பக்கம் பார்த்தான். "நான் மாட்டி விடட்டுமா?"

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

அது பொய். அந்தப் பக்கிளைத் தானாக மாட்டிக்கொள்ள யாராலும் முடியாது. வாங்கும்போதே கடைப்பெண் சொன்னாள்: "இதுக்கு இன்னொரு ஆள் வேணும் சார்." அதற்கு அவன் மனைவி, "இன்னொரு ஆள்தான் இங்க நிக்கறாரே, நல்லா மலை மாதிரி" என்றாள். அது சனிக்கிழமை. இன்று புதன்.

அவள் பேக்கரியில் கேக் மேல் பேர் எழுதுகிறவள். க்ரீம் நிரப்பிய கூம்பை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கேக்கைத் திருப்பித் திருப்பி எழுத வேண்டும். இரண்டு கையும் இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஊரான் பிள்ளைகளின் பேரையெல்லாம் எழுதினவளுக்குத் தன் பிள்ளைக்குப் பேர் வைக்கத்தான் மனசு வரவில்லை. எந்தப் பேரைச் சொன்னாலும், "ஐயோ, அது போன மாசம் ஒரு வாலுப்பய கேக்ல எழுதினது" என்று தள்ளிவிட்டாள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வைத்த 'பட்டாணி' அப்படியே நின்றுவிட்டது.

வீட்டிலிருந்தே சின்ன கேக்குகளுக்கு எழுதித் தரலாமென்று முதலாளி சொன்னதும், கைக்கு வேலையில்லாமல் பிள்ளையைச் சுமக்க ஒரு பை வேண்டுமென்றாள். அப்படி வாங்கியதுதான் முதல் பை. பத்து நாள் கழித்து, இடது கால் வலிக்கிறது என்றாள். கெண்டைக்காலில் கல்லைக் கட்டின மாதிரி இருக்கிறது என்றாள்.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். காலை இல்லை, பையின் பெல்ட்டை.

"இடுப்புப் பட்டி கீழ இறங்கிருச்சு. அதான். எங்க வேலைல பட்டிய தப்பாக் கட்டினா கால்தான் மொதல்ல மரத்துப்போகும்."

"அப்படியா?"

"பதினோரு வருஷமா கட்டிட்டுத் தொங்கறேன், எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று அவளும் நம்பினாள். பட்டியை இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டிவிட்டான். மறுநாளும் வலித்தது. ஒரு விரல் இறக்கினான். அடுத்த நாள் தோள் வாரைத் தளர்த்தினான். கால் வீங்கியபோது, பை சரியில்லை, எடை முழுக்க இடுப்பில் இறங்குகிறது, முதுகில் குறுக்காகப் போகும் பையாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றான். டாக்டரிடம் போகலாமா என்று அவளும் கேட்கவில்லை. இவ்வளவு விவரம் தெரிந்த புருஷன் வீட்டில் இருக்கும்போது எதற்கு?

சனிக்கிழமை கடையில் ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பையாக எடுத்துத் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தான். பக்கிளை நூறு தடவை மாட்டிக் கழற்றினான். நான்கு கிலோ எடையுள்ள பொம்மையைப் பைக்குள் போட்டு, வாரைப் பிடித்துத் தூக்கிக் குலுக்கினான்.

"சார், இது புள்ளையத் தூக்கற பை. நீங்க பண்றதப் பாத்தா பீரோவ மாடி ஏத்தற மாதிரி இருக்கு" என்றாள் கடைப்பெண்.

அவன் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, குழந்தைகளுக்குச் செருப்புப் போட்டுப் பார்க்கிற குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரித்த சிரிப்பில் என்று அவன் நினைத்தான். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே உறுதியான பை. அதில் எந்தக் குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவள் அதைப் போட்டாள். "ஏங்க, கொஞ்சம் வந்து மாட்டுங்களேன்" என்று நான்கு தடவை கூப்பிட்டாள். நான்கு தடவையும் போய் மாட்டி, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "சரி" என்றான். அது அவனுடைய தொழில் வழக்கம். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் தன் பட்டியைத் தானே சோதிக்கக் கூடாது. இன்னொருத்தன் பின்னாலிருந்து இரண்டு முறை இழுத்துப் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். பாரம் தூக்குவதும் அப்படித்தான். கை வைத்த அத்தனை பேரும் வாயைத் திறந்து 'சரி' சொல்லாமல் ஒரு அங்குலம் நகர்த்த மாட்டார்கள். அவளுக்கு அது வேடிக்கை. அன்று சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் செய்து, "உங்க மாப்பிள்ளை என்னைய லிஃப்ட் குழியில இறக்கற மாதிரியே ரெண்டு தடவ இழுத்துப் பாத்து 'சரி' சொல்றாரும்மா" என்று சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். "முன்னாடி கால் வலி, வீக்கம் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சு" என்றான். அவர் அதை எழுதிக்கொண்டார்.

சங்கிலி போனதும் மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் துணிப்பை. பால் பவுடர், புட்டி, மடித்த சின்னச் சட்டைகள் எல்லாம் அதில் நேற்றே ஏறிவிட்டன. பிள்ளையை நான் கொண்டுபோகிறேன் என்று அவள் சொன்னதற்கு அவன் 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தான். அது சம்மதமா இல்லையா என்று அவனுக்கே தெரியாது.

"புள்ளையக் குடுங்க மாப்பிள்ளை. பெட்டி தூக்கணும், ரெண்டு கையும் வேணும்ல."

"இத மாட்டிட்டா கை ரெண்டும் சும்மாதான் அத்தை."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"நான் கெட்டதுக்குச் சொல்லல. நீங்க அந்தரத்துல தொங்கற ஆளு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா இது எங்க போகும்? எம்பொண்ணுன்னு எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான்."

"எனக்கும் இது ஒண்ணுதான்" என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது வேறொன்று.

"கால் வலிக்குதுன்னா அத்தை. பத்து நாளா சொன்னா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பெல்ட்டைச் சரி பண்ணிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். வீங்கின காலோட ஒரு மணி நேரம் நிக்க வச்சு, நான் பை பாத்தேன்." பையின் விளிம்பைப் பிள்ளையின் தலைப்பக்கம் ஏற்றிவிட்டான். "எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசினேன். அவளும் நம்பிட்டா. நீங்க புள்ளையக் கொண்டுபோறதுன்னா போங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வெளியே யாரோ நாற்காலிகளை மடித்து அடுக்குகிற சத்தம் கேட்டது. பட்டாணி அவன் சட்டைப் பொத்தானை எச்சிலாக்கிக்கொண்டிருந்தது.

மாமியார் மடியிலிருந்த துணிப்பையின் காதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"என்கிட்டயும் சொன்னா" என்றாள் கடைசியில். "ஃபோன்ல. புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், வெந்நீர் ஒத்தடம் குடுன்னேன். இன்னும் என்னமோ சொல்ல வந்தா. அடுப்புல பால் இருந்துச்சு. பொங்கிரும்னு ஃபோன வச்சுட்டேன்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார நினைத்தான். முதுகில் வார்கள் அவிழ்ந்து தொங்க, பிள்ளையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நின்றவனுக்கு உட்காரத் தெரியவில்லை.

அவளே எழுந்து வந்தாள். பின்னால் போய் நின்றாள். இரண்டு முனைகளும் சேர்ந்து 'டக்' என்று மாட்டிக்கொண்டன. வார் தோளில் இறுகியது. பிள்ளையின் எடை அவன் கையை விட்டு நெஞ்சுக்கு ஏறியது.

"இழுத்துப் பாருங்க அத்தை" என்றான்.

அவள் இழுத்துப் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இடுகாட்டு வாசலில் வண்டி நின்றது. குழி வரைக்கும் நாற்பதடி நடக்க வேண்டும். பெட்டியின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கைப்பிடிகள். பேக்கரி முதலாளி, அடுமனைக்காரர்கள் இருவர், தெருவின் கடைசி வீட்டு வாத்தியார், சங்கிலி, அவன். இடது பக்கம் நடுக் கைப்பிடி அவனுக்கு. குனிந்து அதை இரண்டு கையாலும் பற்றினான். பித்தளை, வெயிலில் சூடேறியிருந்தது. பட்டாணியின் தலை அவன் தாடைக்குக் கீழே இருந்தது. பால் வாடை வந்தது.

சங்கிலிக்கு வேறு விதமாகப் பாரம் தூக்கத் தெரியாது. வழக்கம்போலத்தான் கேட்டான்.

"எல்லாரும் சரியா?"

"சரி" என்றார் முதலாளி. மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். சங்கிலி தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டான். ஐந்து ஆயிற்று.

அவன் வாயைத் திறந்தான். வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான்கு தடவை சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூட அது சரியாக இருக்கவில்லை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சங்கிலி அவனைப் பார்த்தபடியே நின்றான். அவசரப்படுத்தவில்லை. யாரும் தூக்கவில்லை. பின்னால் நின்ற கூட்டத்தில் இருமல் கேட்டு அடங்கியது.

அப்போது முதுகில் வார் இழுபட்டது. ஒரு முறை. கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை. பலமாகவே.

"சரி" என்றாள் மாமியார்.

பெட்டி எழும்பியது. நினைத்த அளவுக்குக் கனம் இல்லை. மாமியார் விட்டுவிட்டு வந்த துணிப்பை வண்டியின் முன்சீட்டில் வாய் திறந்து கிடந்தது. ஆறு பேரும் ஒரே அளவாக அடியெடுத்து வைத்தார்கள். அவன் நெஞ்சில் பட்டாணி தூக்கத்திலேயே உதட்டைச் சப்பிக்கொண்டு, தலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டது.